ஜெர்மன் படிக்க ஒலிப்பாடமா, புத்தகமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

அக்கா மகன் போன மாதம் ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வந்தான். ஜெர்மன் படிக்க என்னென்ன வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டு எழுதி வைத்தது. நான்கு ஒலிப்பாடம், நான்கு பாடநூல், இரண்டு இலக்கணப் புத்தகம், போதாததற்குக் கைப்பேசிச் செயலி ஒன்று. எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டினால் ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம். "மாமா, இதுல எதை முதல்ல வாங்கறது?" என்றான். டிப்ளோமா முடித்தவன். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எனக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை. அங்கே பாதி இயந்திரங்கள் ஜெர்மனியில் செய்தவை. கோளாறு வந்தால் திரையில் நீளநீளமான ஜெர்மன் சொற்கள் ஓடும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எரிச்சலில் தொடங்கிய படிப்பு நான்கு வருடம் ஓடி, பி1 தேர்வில் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் படிகளில் மூன்றாவது) தேறியதோடு நிற்கிறது. அதற்குள் வாங்கி வீணாக்கியவற்றுக்கே வீட்டில் தனித் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டைக் காட்டித்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஜெர்மன் வகுப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் கோலாலம்பூரில் இருக்கிறது. பினாங்கில் மலேசிய-ஜெர்மன் சங்கம் வகுப்பு நடத்துகிறது. இரண்டுமே இங்கிருந்து வேலைநாளில் போய்வரும் தூரம் இல்லை. இணைய வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். ஷிப்ட் வேலைக்காரனுக்கு அதன் நேரம் ஒத்துவராது. ஆக ஒலிப்பாடமும் புத்தகமும்தான் வாத்தியார்.

எது நல்ல பாடம் என்று கேட்பதற்கு முன்னால், ஒரு நாளில் உன் வாய் எப்போது சும்மா இருக்கிறது, காது எப்போது சும்மா இருக்கிறது என்று பார் என்றேன். அவன் சிரித்தான். எனக்கு இது காசு கொடுத்துக் கற்ற பாடம்.

நான் முதலில் வாங்கியது பிம்ஸ்லர். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியல் பேராசிரியரின் பெயரில் வரும் ஒலிப்பாடம். ஒரு சொல்லைக் கற்ற சில நொடியில் ஒருமுறை, பிறகு சில நிமிடத்தில் ஒருமுறை, அப்புறம் அடுத்த நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே திரும்பக் கேட்டால் மறக்காது என்பது அவர் 1967இல் எழுதியது. பாடம் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு பாடம் அரை மணி நேரம், ஒரு நிலைக்கு 30 பாடம், ஜெர்மனுக்கு ஐந்து நிலை. மொத்தம் 150 பாடம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் முறை.

தொழிற்சாலை பஸ்ஸில் போகவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதில் கேட்டு முடித்துவிடலாம் என்று நினைத்து வாங்கினேன். அங்கேதான் தப்பு. பிம்ஸ்லர் கேட்பதற்கான பாடமல்ல, பேசுவதற்கானது. "இதை எப்படிச் சொல்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சில நொடி மௌனமாக இருக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீளமான சொல்லைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டிக் கொடுப்பார்கள்: "கூங்... டிகூங்... ஷுல்டிகூங்... என்ட்ஷுல்டிகூங்". மன்னிக்கவும் என்று பொருள். காலை ஆறு மணி பஸ்ஸில், பக்கத்தில் தூங்கி வழிகிற ஆள் தோளில் சாய்ந்திருக்க, இதை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகவே மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முப்பது பாடம் முடிந்தது. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை.

பிறகு அதே முதல் நிலையைத் திரும்ப எடுத்து, அப்பாவின் நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் சாயங்காலம் நடந்துகொண்டே செய்தேன். அங்கே எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் கேட்க ஆளில்லை, பக்கத்து நிலத்து நாயைத் தவிர. ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. பாடம் அதேதான். இடம்தான் மாறியது.

பிம்ஸ்லரின் பலம் உச்சரிப்பும் பயமின்மையும். பலவீனம், சொற்கள் குறைவு. இலக்கணத்தை விளக்கவே விளக்காது. பயணி ஒருவன் வழி கேட்பது, ஹோட்டல் தேடுவது, ஒரு கிளாஸ் ஏதாவது குடிக்க அழைப்பது என்ற வட்டத்தை விட்டு வெளியே வர நெடுநாள் ஆகும். எழுத்துப் பயிற்சி என்று சொல்லத்தக்கது கிடையாது. விலையில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு நிலையை மொத்தமாக வாங்கினால் கனமாக இருக்கும். மாதச் சந்தா சுமார் 20 அமெரிக்க டாலர். நாளுக்கு ஒரு பாடம் தவறாமல் செய்தால் ஒரு மாதச் சந்தாவில் ஒரு நிலை முடிந்துவிடும். ஆகவே தீபாவளி, பரீட்சை, கல்யாண வீடு எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்துச் சந்தா கட்டி, முடிந்ததும் நிறுத்திவிடுவது நல்லது. நான் நிறுத்த மறந்து மூன்று மாதம் கட்டியது என் தப்பு.

பட்டியலில் இரண்டாவது, மிஷெல் தாமஸ். 1914இல் போலந்தில் பிறந்து 2005இல் நியூயார்க்கில் இறந்தவர். அவருடைய பாடம் ஒரு வகுப்பறைப் பதிவு: ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர், மூன்றாவது மாணவன் நீங்கள். வீட்டுப்பாடம் இல்லை, மனப்பாடம் இல்லை, மறந்தால் அது ஆசிரியரின் குற்றம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டுக்கு முட்டி தேயப் பிரம்படி வாங்கிய எனக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கியது என்றே சொல்லலாம். அடிப்படைப் பாடம் சுமார் 8 மணி நேரம்தான். அதற்குள் வினைச்சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கும், எப்போது கடைசிக்கு ஓடும் என்பதைக் கட்டிடக்காரர் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிக் காட்டிவிடுவார்.

இரண்டு குறை. அவருடைய உச்சரிப்பில் வேற்றுச் சாயல் இருக்கிறது, மாணவர்கள் செய்யும் தவறுகளும் அப்படியே காதில் விழும். ஆகவே உச்சரிப்புக்கு இதை நம்ப முடியாது. அடுத்தது, ஆங்கிலமும் ஜெர்மனும் பங்காளி மொழிகள் என்ற ஒட்டுறவை வைத்தே பாதிப் பாடத்தை நகர்த்துகிறார். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழி. வீட்டில் தமிழ், வெளியே மலாய், மூன்றாவதாக ஆங்கிலம். நான்காவதை மூன்றாவது வழியாகக் கற்பது, ஈப்போவுக்குப் போக பினாங்கு சுற்றிப் போவதுபோல. போய்ச் சேரலாம், பெட்ரோல் அதிகம். ஆனாலும் எட்டு மணி நேரத்தில் மொழியின் எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது என்பதால், யாராவது இரவல் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தி யோசித்துவிட்டுத் தொடரலாம் என்பதால் பஸ்ஸிலும் ஓரளவு ஒத்துவரும்.

மூன்றாவது அசிமில். 1929இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம். புத்தகமும் ஒலியும் சேர்ந்தது; ஏறக்குறைய 100 பாடம். இடப்பக்கம் ஜெர்மன் உரையாடல், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு, அடியில் குறிப்பு. முதல் பாதியில் வெறுமனே கேட்டு, படித்து, புரிந்துகொண்டால் போதும். ஐம்பதாவது பாடத்தை ஒட்டி, பழையபடி முதல் பாடத்துக்குத் திரும்பி, மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்து ஜெர்மனைச் சொல்ல வேண்டும். ஒலியில் ஒரு சொல்கூட ஆங்கிலம் கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. ஒரே உரையாடலைப் பஸ்ஸில் ஐந்தாறு முறை கேட்கலாம், வாயைத் திறக்கத் தேவையில்லை, விளக்கவுரை குறுக்கே வராது. அரை மணி நேர பிம்ஸ்லரில் ஆங்கிலத்தையும் மௌனத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், அசிமிலின் மூன்று நிமிடத்தில் இருக்கிற ஜெர்மன் கிட்டத்தட்ட அதற்குச் சமம் என்பது என் கைக்கணக்கு. விலைதான் இடிக்கும். ஒலியோடு சேர்ந்த பதிப்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், தபால் செலவு வேறு.

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்காகச் செய்த எஃப்.எஸ்.ஐ. பாடமும் அவன் பட்டியலில் இருந்தது. காப்புரிமை இல்லாதது, இலவசம். ஒரே அமைப்பை இருபது முறை மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கும். அரை நூற்றாண்டுப் பழசு. பொறுமை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இல்லை.

இலவசம் என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஓசியில் கிடைப்பது உருப்படாது என்று. ஜெர்மன் விஷயத்தில் அது தலைகீழ். டாய்ச்ச வெல்ல என்பது ஜெர்மனி வெளிநாட்டவருக்காக நடத்தும் ஒலி, ஒளிபரப்பு நிறுவனம். அது கொடுக்கும் 'நிக்கோஸ் வேக்' ஏ1 முதல் பி1 வரை முழுப் பாடம். ஒரு காசு கிடையாது. ஸ்பெயினிலிருந்து வரும் நிக்கோ என்ற இளைஞன் விமான நிலையத்திலேயே பையைத் தொலைத்துவிட்டுத் திண்டாடுகிற கதையைத் துண்டு துண்டான காணொளிகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 'டாய்ச், வாரும் நிஷ்ட்?' என்ற வானொலித் தொடர் இருந்தது. நான்கு பகுதி, பகுதிக்கு 26 பாடம். ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒரு மாணவனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்ணும் வருவார்கள். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஏ2 தாண்டிய பிறகு அதே நிறுவனத்தின் 'மெதுவாக வாசிக்கும் செய்தி' இருக்கிறது. அன்றைய செய்தியை ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக வாசிப்பார்கள், எழுத்திலும் தருவார்கள். ஞாயிறு தவிர தினமும் வரும். என் பஸ் பயணத்துக்குக் கடைசியில் அமைந்தது இதுதான்.

அப்படியானால் காசு கொடுத்து ஒன்றுமே வாங்க வேண்டாமா என்று கேட்டான் மருமகன். வேண்டும். இலவசப் பாடத்தில் உன் வாயைத் திறக்க வைக்கவும் ஆளில்லை, உன் கையெழுத்தைத் திருத்தவும் ஆளில்லை. முதலாவதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிம்ஸ்லர். இரண்டாவதற்குப் பாடநூல்.

பாடநூலுக்குப் போவதற்கு முன், ஆங்கிலத்தில் எழுதிய எந்த ஜெர்மன் புத்தகமும் நமக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்திருந்தால் நான் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தியிருப்பேன்.

ஜெர்மனில் வேற்றுமை உண்டு. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் அதைக் கண்டு அலறுகிறார்கள். "இஷ் ஹெல்ஃபெ டியர்" என்றால் நான் உனக்கு உதவுகிறேன். ஆங்கிலத்தில் 'உனக்கு', 'உன்னை' இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அந்தப் புத்தகங்கள், உதவு என்ற வினை விதிவிலக்கு, நான்காம் வேற்றுமை கேட்கும், பட்டியலை மனப்பாடம் செய் என்கின்றன. பட்டியலைப் பாருங்கள்: உதவுதல், நன்றி சொல்லுதல், பதில் சொல்லுதல், சொந்தமாக இருத்தல், பிடித்திருத்தல். உனக்கு உதவுகிறேன், உனக்கு நன்றி, உனக்குப் பதில், எனக்குச் சொந்தம், எனக்குப் பிடிக்கிறது. ஐந்திலும் 'கு' நிற்கிறது. இதில் நமக்கு விதிவிலக்கு எங்கே இருக்கிறது? "மியர் இஸ்ட் கால்ட்" என்றால் எனக்குக் குளிர்கிறது, அப்படியே. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. நம்புதல், பின்தொடர்தல் இரண்டும் ஜெர்மனில் 'கு' கேட்கும், தமிழில் 'ஐ' கேட்கும். இப்படிப் பொருந்தாதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். தாள் நிறையவில்லை.

வாக்கிய அமைப்பும் அப்படியே. "வைல் இஷ் ஹொய்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ": எனக்கு இன்று நேரம் இல்லாததால். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் போய் உட்காரும். இதைப் பழக்குவதற்கு ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு முழு அத்தியாயம் செலவழிக்கின்றன. நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். மரியாதைக்கு 'ஸீ', நெருக்கத்துக்கு 'டூ' என்பதற்கு நீங்கள், நீ என்று இரண்டே சொல்லில் விளக்கம் முடிந்தது.

நமக்கு இடிக்கிற இடம் வேறு. முதலாவது, பால். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால்: டேர் லொஃபெல், டீ காபெல், டாஸ் மெஸர். உயர்திணை, அஃறிணை என்று பகுத்தறிந்து பழகிய மூளை இதை ஏற்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் மலாய்ப் பாடத்தில், ஒன்று என்று எண்ணும்போது கத்திக்கு 'செபிலா', சட்டைக்கு 'செஹெலாய்' என்று காரணம் கேட்காமல் நெட்டுருப் போட்டு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு வரை வந்தவர்கள்தானே நாம். அதே மாதிரி போட வேண்டியதுதான். சில வால்கள் கைகொடுக்கும். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் பெண்பால், 'ஷென்' என்று முடிந்தால் ஒன்றன்பால்.

இரண்டாவது, எண். நாற்பத்தேழை ஜெர்மானியர் 'ஏழும் நாற்பதும்' என்பார்கள். தொலைபேசி எண்ணை வேகமாகச் சொன்னால் கை தலைகீழாக எழுதிவிடும். மூன்றாவது, முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். நமக்கு எல்லா வாக்கியத்திலும் அது கடைசிக்கு ஓடும். உச்சரிப்பில் மலாய் உதவும். 'பெசார்' என்பதில் வரும் மங்கலான எகரம்தான் பல ஜெர்மன் சொற்களின் கடைசி எழுத்து. 'அகிர்' என்பதன் நடுவில் தொண்டையில் உரசுகிற ஒலி ஓடை என்று பொருள்படும் 'பாஹ்' என்ற ஜெர்மன் சொல்லில் வரும். 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்ததற்கு மட்டும் உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பழக வேண்டும்.

இதனால்தான் நமக்கு, ஆங்கிலத்தில் விளக்குகிற தடித்த புத்தகத்தைவிட, முழுக்க ஜெர்மனிலேயே இருக்கும் பாடநூல் மேல் என்கிறேன். ஆங்கில விளக்கத்தில் பாதி நமக்குத் தேவையில்லாத இடத்தில் செலவாகிறது.

பட்டியலில் இருந்த நான்கும் அப்படிப்பட்டவையே. மென்ஷன், ஷ்ரிட்டெ இன்டர்நாட்சியொனால் நொய் இரண்டும் மியூனிக்கின் ஹூபர் பதிப்பகம். நெட்ஸ்வெர்க் நொய், ஷ்டுட்கார்ட்டின் கிளெட். பெகேக்னுங்கன், லைப்சிக்கின் ஷூபெர்ட். மென்ஷன் அழகான புத்தகம்; படங்கள், சின்னச் சின்னப் பாடங்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'துணைவரோடு பேசுங்கள்', 'குழுவில் கேளுங்கள்' என்று வரும். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து படிக்கிறவன் துணைவருக்கு எங்கே போவது? விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் வாசலில் நிற்பதுபோல இருக்கும். நெட்ஸ்வெர்க் நொய்யும் வகுப்பறைக்கானதே, காணொளி நன்றாக இருக்கும்.

தனியாகப் படிப்பவனுக்கு ஷ்ரிட்டெ பரவாயில்லை. பாடமும் பயிற்சியும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஏ1 நிலையை இரண்டு புத்தகமாகப் பிரித்து நிதானமாக நடத்துகிறார்கள். ஒரு புகைப்படக் கதை பாடந்தோறும் தொடர்ந்து வரும். ஜெர்மன்-ஆங்கிலச் சொற்பட்டியல் தனியாகக் கிடைக்கும். ஒலிக்கோப்புகளைப் பதிப்பகத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெகேக்னுங்கன் எனக்குப் பிடித்த புத்தகம். விளையாட்டுத்தனம் குறைவு, சொற்கள் அதிகம், அலுவலகம், கடிதம், தொலைபேசி என்று பெரியவர்களின் உலகம். இருபது வயதுக்காரனுக்கு வறட்சியாக இருக்கலாம். அந்தப் பதிப்பகத்தின் தளத்தில் இலவசப் பயிற்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்தப் புத்தகம் வைத்திருப்பவரும் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, 'நொய்' என்ற சொல். புதியது என்று பொருள். ஷ்ரிட்டெ, நெட்ஸ்வெர்க் இரண்டிலும் அது இல்லாவிட்டால் பழைய பதிப்பு. நான் இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். குறுந்தட்டு உடைந்திருந்தது, பயிற்சிகள் முழுக்க யாரோ பேனாவால் விடை எழுதியிருந்தார்கள், அதிலும் பாதி தப்பு. புதிய ஒலிக்கோப்பை இறக்கிப் பார்த்தால் பாட எண்களே பொருந்தவில்லை. இன்னொன்று, ஏ1.1, ஏ1.2 என்ற புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இலக்கணத்துக்குக் கோர்னெல்சன் பதிப்பகத்தின் 'கிராமாட்டிக் அக்டிவ்' ஒன்று போதும். இடப்பக்கம் விதி, வலப்பக்கம் பயிற்சி, ஏ1 முதல் பி1 வரை. அதையும் ஏ1 பாடநூல் முடிந்த பிறகு வாங்கினால் போதும். ஹாமர் பெயரில் வரும் பெரிய ஆங்கில இலக்கண நூலை அவன் பட்டியலில் பார்த்ததும் அடித்துவிட்டேன். அருமையான புத்தகம்தான். பல்கலைக்கழக மாணவர் புரட்ட வேண்டியது. தொடக்கத்திலேயே வாங்கினால் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

இனி, தேர்வு. தொழிற்பயிற்சிக்குப் போகிறவனிடம் பெரும்பாலும் பி1 கேட்பார்கள்; செவிலியர் வேலைக்கு பி2 வரை போகும். கோத்தே பி1 தேர்வு வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். எழுதுதலுக்கு ஒரு மணி நேரம். பிம்ஸ்லரை மட்டும் நம்பிப் போகிறவன் அந்த ஒரு மணி நேரமும் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பான். புத்தகத்தை மட்டும் நம்பிப் போகிறவனுக்குக் கேட்டலில் இருக்கிறது வேட்டு. ஏ1 தேர்விலேயே நடுப்பகுதியில் வரும் அறிவிப்புகளை ஒரே முறைதான் ஒலிபரப்புவார்கள். மாதிரித் தாள்கள் கோத்தே தளத்தில் இலவசம். புத்தகம் வாங்குவதற்கு முன்பே ஒன்றை இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஏ1 பேச்சுத் தேர்வில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். நம்மவர்களுக்கு இது தனி வேடிக்கை. குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டால் நாம் எதைச் சொல்வது? அடையாள அட்டையில் என் பெயர், நடுவில் 'ஏ' போட்டு ஒரு சாய்கோடு, 'எல்', அப்புறம் அப்பா பெயர். இன்னாருடைய மகன் என்பதை அந்த இரண்டு எழுத்தில் அடக்கிவிட்டார்கள். ஜெர்மன் எழுத்துகளில் 'வி'க்கு 'ஃபௌ', 'ஜே'க்கு 'யோட்', 'ஒய்'க்கு 'உப்சிலோன்'. விஜயன் மாதிரி ஒரு பெயரைக் கூட்டிச் சொல்லிப் பாருங்கள், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். எந்த ஒலிப்பாடமும் உங்கள் பெயரைச் சொல்லித் தராது. கண்ணாடி முன் நின்று நீங்களேதான் பழக வேண்டும்.

மருமகனுக்குக் கடைசியில் சொன்ன கணக்கு இது. ஷ்ரிட்டெ முதல் புத்தகம், மேசைக்கு. நாளுக்கு நாற்பது நிமிடம், பென்சிலோடு. நிக்கோஸ் வேக், சாப்பிட்ட பிறகு. நாடகம் பார்க்கும் நேரத்தில் அது. பிம்ஸ்லர் சந்தா ஒரு மாதம் மட்டும், தாத்தாவின் செம்பனைக்கு நடுவில் நடந்துகொண்டே. மிச்சம் எல்லாவற்றையும் அடித்துவிட்டான். தேர்வு, விசா என்று எதுவும் இல்லாமல் ஆசைக்குப் படிப்பவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அசிமிலும் அந்தப் பழைய வானொலித் தொடரும் எடுத்துக்கொள்ளுங்கள், பாடநூலே வேண்டாம் என்று. கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போக ஏ1 சான்றிதழ் மட்டும் வேண்டுகிறவருக்கு நிக்கோஸ் வேக் முதல் நிலையும் மாதிரித் தாள்களும், பேசிப் பழக ஒரு ஆளும் இருந்தால் போதும். பயிற்சிக்கு மட்டும் ஒரு மெல்லிய புத்தகம்.

சந்தா தொடங்கி இருபது நாளாகிறது. நேற்றுச் சாயங்காலம் நிலத்துப் பக்கம் போனபோது, தூரத்தில் அவன் குரல் கேட்டது. யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தான், ஜெர்மனில். பதிலுக்குப் பக்கத்து நிலத்து நாய்தான் குரைத்தது.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணின் கதை: மென்ஷன் ஏ1.1 என்று நினைத்து ஏ1.2 வாங்கினேன். தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று அவசரத்தில் இரண்டாவது முறையும் ஏ1.2 வாங்கினேன். ஒன்று பிரிக்காமலே கிடக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏ1.1 மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.